டாங்கிக்குப் பின்னால் ஓடிய லாரி: 21-வது பான்சர் டிவிஷனின் பாலைவனப் போர்

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கா என்றதுமே பேச்சு ஜெர்மன் தளபதி எர்வின் ரோமலிடம் போய் நின்றுவிடும். ‘பாலைவன நரி’ என்ற பட்டம், தொப்பிமேல் ஏற்றிவிட்ட தூசுக் கண்ணாடி, எதிரியே வியந்த தந்திரங்கள் என்று அந்தக் கதை சுவையாகவே இருக்கும். ஆனால் அதை மட்டும் படித்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது. அத்தனை வெற்றிகளைப் பெற்ற படை 1943 மே மாதம் துனீசியாவில் ஏன் மொத்தமாகச் சரணடைந்தது? ரோமலைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை அங்கே போரிட்ட ஒரு டிவிஷனைப் பின்தொடர்ந்தால் விடை தெளிவாகும். 21-வது பான்சர் டிவிஷன்தான் அது. அதன் டாங்கிகளைவிட அவற்றுக்குப் பின்னால் ஓடிய லாரிகளையே இங்கே அதிகம் கவனிக்கப் போகிறோம்.

முதலில் அடிப்படை. பான்சர் டிவிஷன், அதாவது ஜெர்மன் கவசப் படைப்பிரிவு, என்றால் நூற்றுக்கணக்கான டாங்கிகள் வரிசைகட்டி நிற்கும் படை என்றே பலரும் நினைக்கிறார்கள். டாங்கிகள் அதில் ஒரு பகுதிதான். 21-வது டிவிஷனில் டாங்கிகள் எல்லாம் 5-வது பான்சர் ரெஜிமென்ட்டில் இருந்தன. அதோடு லாரிகளில் செல்லும் காலாட்படையாக 104-வது ரெஜிமென்ட், பீரங்கிகளுக்கு 155-வது ரெஜிமென்ட், முன்னே சென்று வேவு பார்க்க 3-வது உளவுப் பட்டாலியன், எதிரி டாங்கிகளைத் தகர்க்க 39-வது டாங்கி எதிர்ப்புப் பட்டாலியன், கண்ணிவெடி புதைக்கவும் அகற்றவும் பொறியாளர்கள், வானொலித் தொடர்புப் பிரிவு, மருத்துவப் பிரிவு, பழுதுபார்க்கும் பட்டறைகள், இவை எல்லாவற்றுக்கும் எரிபொருளும் குண்டும் தண்ணீரும் சுமக்கும் லாரிகள். இத்தனையும் ஒரே தளபதியின் கீழ், ஒரே வேகத்தில் நகர வேண்டும். டாங்கி ஓர் இடத்தைப் பிடிக்கலாம். இரவில் அதைக் காவல் காக்கக் காலாட்படை வேண்டும். காலாட்படை முன்னேற பீரங்கி வேண்டும். இவற்றில் ஒன்று பின்தங்கினாலும் மற்றவை முடங்கிவிடும்.

இந்தப் படை லிபியாவுக்கு வந்ததற்குக் காரணம் இத்தாலியின் தோல்வி. லிபியா அப்போது இத்தாலியின் காலனி. அங்கிருந்து எகிப்துக்குள் நுழைந்த இத்தாலியப் படையை, 1940 டிசம்பரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் அடித்து விரட்டின. 1941 பிப்ரவரிக்குள் சுமார் 1,30,000 இத்தாலியர்கள் கைதானார்கள். முசோலினி மொத்த லிபியாவையும் இழந்துவிடாமல் தடுக்க ஹிட்லர் ஒரு சிறு படையை அனுப்பினார். 3-வது பான்சர் டிவிஷனிலிருந்து சில பிரிவுகளைப் பிரித்தெடுத்து அவசரமாக உருவாக்கிய அந்தப் படைக்கு முதலில் ‘5-வது இலகு டிவிஷன்’ என்று பெயர். பிப்ரவரி 14 அன்று அதன் முதல் பிரிவுகள் திரிப்போலித் துறைமுகத்தில் இறங்கின. மார்ச்சில் சுமார் 150 டாங்கிகள் வந்து சேர்ந்தன. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்றுதான் அதற்கு 21-வது பான்சர் டிவிஷன் என்ற பெயர் சூட்டப்பட்டது. இதுவும் 15-வது பான்சர் டிவிஷனும் சேர்ந்ததுதான் புகழ்பெற்ற ‘ஆப்பிரிக்கா கோர்’ படையின் முதுகெலும்பு.

ஒரு டாங்கி எவ்வளவு குடிக்கும்?

இந்த டிவிஷனின் முக்கிய டாங்கி பான்சர்-3. சுமார் 20 டன் எடை, உள்ளே ஐந்து பேர்: தளபதி, குறிபார்த்துச் சுடுபவர், குண்டு நிரப்புபவர், ஓட்டுநர், வானொலி இயக்குபவர். எரிபொருள் தொட்டியில் 320 லிட்டர் பிடிக்கும். நல்ல சாலையில் அதை வைத்துக்கொண்டு 150 கிலோமீட்டர் போகலாம். சாலையை விட்டு இறங்கிவிட்டால் 100 கிலோமீட்டரைத் தொடுவதே கடினம்.

ஜெர்மானியர்களின் எரிபொருள் தகர டப்பா 20 லிட்டர் கொண்டது. உறுதியானது, ஒழுகாதது, மூன்று கைப்பிடிகள் இருந்ததால் இருவர் சேர்ந்தும் தூக்கலாம், ஒருவர் இரண்டு டப்பாக்களையும் எடுத்துச் செல்லலாம். தண்ணீர் டப்பா தெரிய வேண்டும் என்பதற்காக அதன்மேல் வெள்ளைச் சிலுவைக் குறி போட்டிருப்பார்கள். பிரிட்டிஷாரின் மெல்லிய தகர டின்களோ வழியிலேயே நசுங்கி ஒழுகின. கைப்பற்றிய ஜெர்மன் டப்பாக்களைப் பிரிட்டிஷ் வீரர்கள் பொக்கிஷம்போல் வைத்துக்கொண்டார்கள். ஒரு பான்சர்-3 தொட்டியை நிரப்ப இப்படி 16 டப்பாக்கள் வேண்டும். அப்படிப்பட்ட 100 டாங்கிகளை ஒருமுறை நிரப்ப 1,600 டப்பாக்கள். அதைக் கொண்டு அவை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஓடும். லாரிகள், கார்கள், பீரங்கி இழுக்கும் வண்டிகள் ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மொத்தமாகப் பார்த்தால், இப்படியொரு மோட்டார் டிவிஷனுக்குத் தண்ணீரும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 350 டன் பொருள் தேவைப்பட்டது. பாலைவனத்தில் எதுவும் விளையாது, கிணறுகள் அரிது. எல்லாம் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். கப்பல் திரிப்போலியில் சரக்கை இறக்கும். அங்கிருந்து எகிப்து எல்லை சுமார் 1,600 கிலோமீட்டர். ரயில் பாதை கிடையாது என்றே சொல்லிவிடலாம். கடலோரமாக இத்தாலியர்கள் போட்ட ஒரே ஒரு தார்ச்சாலைதான் வழி.

இப்போது ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஒரு லாரி 2 டன் சுமக்கிறது என்று கொள்வோம். 350 டன்னுக்கு 175 லாரிகள். நாளைக்கு 250 கிலோமீட்டர் ஓடினாலும் போகவும் வரவும் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். எனவே தினமும் 350 டன் போய்ச் சேர வேண்டுமென்றால், ஏறக்குறைய 2,400 லாரிகள் அந்தச் சாலையில் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது, ஒன்றின்மேலும் விமானம் குண்டு போடக் கூடாது. இது ஒரு டிவிஷனுக்கு மட்டும். அந்த லாரிகளும் எரிபொருளில்தான் ஓடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, பாலைவனத்தில் அது எழுத்துக்கு எழுத்து நடந்தது. படை முன்னேற முன்னேற, இறக்கிய எரிபொருளின் பெரும்பகுதியை அதைச் சுமந்துசென்ற லாரிகளே எரித்துத் தீர்த்தன.

பெங்காசி, தோப்ருக் துறைமுகங்கள் கையில் இருந்தபோது தூரம் குறைந்தது உண்மைதான். ஆனால் முன்னணிக்குப் பக்கத்துத் துறைமுகம் என்றால் அது எதிரி விமானங்களுக்கும் பக்கம். கடலில் மால்ட்டா தீவிலிருந்து வந்த பிரிட்டிஷ் விமானங்களும் நீர்மூழ்கிகளும் கப்பல்களை மூழ்கடித்தன. ஜெர்மனி, இத்தாலியின் சங்கேதச் செய்திகளைப் பிரிட்டன் உடைத்துப் படித்துவந்ததால், எந்தக் கப்பல் எப்போது புறப்படுகிறது என்பதும் பல நேரங்களில் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

இந்தக் கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் 1941 ஏப்ரலில் நடந்த ஒரு சம்பவத்தின் பொருள் புரியும். தற்காத்து நின்றால் போதும் என்ற உத்தரவை மீறி, மார்ச் 24 அன்றே ரோமல் தாக்குதலைத் தொடங்கிவிட்டார். பிரிட்டிஷ் படை பின்வாங்கியது. அப்போது டிவிஷன் தளபதியாக இருந்த யோஹானஸ் ஷ்ட்ரைஷ், எரிபொருள் நிரப்பவே நான்கு நாள் ஆகும் என்றார். ரோமல் கேட்கவில்லை. எல்லா லாரிகளிலும் இருந்த சரக்கை அப்படியே தரையில் இறக்கச் சொன்னார். காலி லாரிகளைப் பின்னால் இருந்த கிடங்குக்கு அனுப்பி, ஒரு நாளுக்குள் எரிபொருள் ஏற்றிவர உத்தரவிட்டார். அந்த ஒரு நாள் முழுவதும் ஒரு டிவிஷனே பாலைவனத்தின் நடுவில் நகர முடியாமல் கிடந்தது. எதிரி வரவில்லை, தப்பித்தது. ரோமலின் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வார்கள். ஷ்ட்ரைஷின் கவலைதான் நியாயமானது என்று நான் நினைக்கிறேன். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் கவலை திரும்பத் திரும்ப உண்மையானது. ஷ்ட்ரைஷோ சில வாரங்களில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

ஏப்ரல் 8 அன்று மெக்கிலி என்ற பாலைவனக் கோட்டை வீழ்ந்தது. அங்கே சிக்கியவர்களில் 3-வது இந்திய மோட்டார் படையணியின் வீரர்களும் இருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த தோப்ருக்கில் ஓட்டம் நின்றது. ஏப்ரல் 14 அன்று சுற்றரணை உடைத்து உள்ளே நுழைந்த 38 டாங்கிகளில் ஏறக்குறைய பாதி திரும்பவில்லை. ஆஸ்திரேலியக் காலாட்படை டாங்கிகளை உள்ளே விட்டுவிட்டு, பின்னால் வந்த ஜெர்மன் காலாட்படையை மடக்கியது. துணையில்லாமல் உள்ளே போன டாங்கிகளைப் பீரங்கிகள் நேரடியாகச் சுட்டன. டிவிஷனின் உறுப்புகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

கண்ணியும் பட்டறையும்

பாலைவனத்தில் ஜெர்மானியர்கள் எப்படி வென்றார்கள்? அவர்களின் டாங்கிகள் பிரிட்டிஷ் டாங்கிகளைவிடப் பன்மடங்கு சிறந்தவை என்பது பரவலான நம்பிக்கை. 1941-ல் அது உண்மையில்லை. பிரிட்டிஷ் மதில்டா டாங்கியின் முன்கவசம் 78 மில்லிமீட்டர். அன்றைய ஜெர்மன் டாங்கி பீரங்கிகளால் அதைத் துளைப்பது மிகக் கடினம். வேறுபாடு, ஆயுதங்களை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்திய முறையில் இருந்தது.

விமானங்களைச் சுடுவதற்காகச் செய்த 88 மில்லிமீட்டர் பீரங்கியை ஜெர்மானியர்கள் தரைப்போருக்கும் கொண்டுவந்தார்கள். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அது மதில்டாவைத் துளைத்தது. 1941 ஜூன் 15 அன்று, எகிப்து எல்லையில் உள்ள ஹல்ஃபாயா கணவாயில் வில்ஹெல்ம் பாக் என்ற கேப்டனின் பொறுப்பில் சில 88 பீரங்கிகள், குழாய் மட்டும் தரைக்குமேல் தெரியும்படி குழிகளில் புதைத்து நிறுத்தப்பட்டிருந்தன. பாக் முன்பு பாதிரியாராக இருந்தவர். மேட்டுப் பக்கமாக வந்த மதில்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்றின. கீழே கடலோரமாக 4-வது இந்திய டிவிஷனின் வீரர்கள் கணவாயை நோக்கி முன்னேற முயன்று தடுக்கப்பட்டார்கள். அதற்குள் இந்த டிவிஷனின் டாங்கிகள் தெற்கே சுற்றிவந்து பிரிட்டிஷாரின் பக்கவாட்டைத் தாக்கின. மூன்று நாளில் பிரிட்டன் 91 டாங்கிகளை இழந்தது. ஜெர்மனி முற்றாக இழந்தது 12.

அந்தப் போருக்குப் பிறகும் இதே முறை தொடர்ந்தது. ஜெர்மன் டாங்கிகள் முன்னே வந்து சுடும், பிறகு தோற்று ஓடுவதுபோல் பின்வாங்கும். பிரிட்டிஷ் டாங்கிகள் துரத்தும். துரத்திய இடத்தில், மறைந்திருக்கும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் வரிசையாகக் காத்திருக்கும். பிரிட்டிஷ் டாங்கிகளில் இருந்த ‘இரண்டு பவுண்டர்’ என்ற சிறு பீரங்கிக்கு வெடித்துச் சிதறும் குண்டு அப்போது கொடுக்கப்படவில்லை. தூரத்தில் குழியில் இருக்கும் பீரங்கிக்காரர்களை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தங்கள் டாங்கிகளைச் சாய்த்தது ஜெர்மன் டாங்கிகள்தான் என்றே பல பிரிட்டிஷ் வீரர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு காரணம், வரலாற்றில் அதிகம் பேசப்படாத மெக்கானிக்குகள். அடிபட்ட டாங்கிகளில் பலவும் செத்துப்போன டாங்கிகள் அல்ல. சங்கிலிப்பட்டை அறுந்திருக்கும், ஒரு சக்கரம் போயிருக்கும், மணல் புகுந்து இன்ஜின் நின்றிருக்கும். ஜெர்மானியர்கள் போர் முடிந்த இரவே கனரக இழுவை வண்டிகளை அனுப்பி அவற்றைப் பட்டறைக்கு இழுத்துவந்தார்கள். பாலைவனத் தூசு இன்ஜினின் ஆயுளை வேகமாகத் தின்றது. தொடக்கத்தில் தகுந்த காற்று வடிகட்டிகூட இல்லாமல் வந்த டாங்கிகள் எல்லைவரை போவதற்குள்ளேயே பட்டறைக்கு வந்துவிட்டன. சிலிண்டரும் பிஸ்டனும் மாற்றி, நட்டு போல்ட்டு முடுக்கி, சில நாளில் அவற்றைத் திரும்ப அனுப்பிய அந்த ஆட்கள் இல்லாமல் 21-வது டிவிஷன் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்காது. போர்க்களம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கே அடிபட்ட டாங்கிகளும் சொந்தம் என்பதால்தான் வெறும் மணல்வெளிக்காக இருபக்கமும் அப்படி மல்லுக்கட்டின.

1941 நவம்பர் 18 அன்று பிரிட்டிஷார் ‘குருசேடர்’ தாக்குதலைத் தொடங்கினார்கள். சிதி ரெஜெக் என்ற விமான ஓடுதளத்தைச் சுற்றி நாள்கணக்கில் குழப்பமான சண்டை நடந்தது. அதில் வென்றுகொண்டிருந்த நேரத்தில், நவம்பர் 24 அன்று ரோமல் 21-வது டிவிஷனை முன்னே விட்டு எகிப்து எல்லைக்குப் பாய்ந்தார். பிரிட்டிஷ் பின்களத்தைக் கலங்கடிப்பது நோக்கம். வழியில் பிரிட்டிஷாரின் மாபெரும் எரிபொருள், உணவுக் கிடங்குகள் இருந்தன. ஜெர்மானியர்கள் கவனிக்காமலேயே கடந்துபோனார்கள். அவற்றைப் பிடித்திருந்தால் போரின் போக்கே மாறியிருக்கலாம். நவம்பர் 29 அன்று டிவிஷன் தளபதி யோஹான் ஃபான் ராவன்ஷ்டைன் வரைபடங்களோடு நியூசிலாந்துப் படையிடம் மாட்டினார். ‘கர்னல் ஷ்மிட்’ என்று பொய்ப் பெயர் சொல்லிப் பார்த்தார். ஆனால் நியூசிலாந்துத் தளபதி ஃப்ரைபெர்க் முன்னால் நிறுத்தியதும், ராணுவப் பழக்கத்தில் குதிகால்களைச் சேர்த்து நின்று உண்மைப் பெயரையே சொல்லிவிட்டார். ஆண்டு முடிவில் டிவிஷன் புறப்பட்ட இடத்துக்கே, எல் அகீலா பக்கம், பின்வாங்கியிருந்தது.

அங்கே திரிப்போலி பக்கத்தில் இருந்ததால் சரக்கு விரைவாக வந்தது, படை தேறியது. 1942 ஜனவரி 21 அன்று மறுபடியும் தாக்கியது. வெல்பவர் தன் துறைமுகத்தைவிட்டு விலகுகிறார், தோற்பவர் தன் துறைமுகத்தை நெருங்குகிறார். அதனால் வெற்றியே படையைப் பலவீனமாக்கியது. வட ஆப்பிரிக்கப் போர் இரண்டு ஆண்டுகள் முன்னும் பின்னும் ஊசலாடியதற்கு இதுவே காரணம்.

அலமெய்ன்

1942 மே 26 இரவு கஸாலா போர் தொடங்கியது. பிரிட்டிஷ் கண்ணிவெடி வரிசையைத் தெற்கே பீர் ஹக்கைம் வழியாகச் சுற்றிக்கொண்டு பின்னால் சென்ற ஜெர்மன் டாங்கிகள், சில நாள்களில் எரிபொருளும் தண்ணீரும் இல்லாமல் எதிரிகளுக்கு நடுவே சிக்கின. கண்ணிவெடிகளுக்கு ஊடே மேற்கிலிருந்து வழி திறந்து லாரிகள் வந்த பிறகே அவற்றுக்கு உயிர் வந்தது. ஜூன் 21 அன்று தோப்ருக் வீழ்ந்தது. சுமார் 33,000 பேர் கைதானார்கள், 11-வது இந்தியப் படையணியும் அதில் அடக்கம். கிடைத்த எரிபொருளும் உணவும் வாகனங்களும் ஏராளம். அந்தக் கோடையில் ஆப்பிரிக்கா கோரின் லாரிகளில் பெரும்பகுதி கைப்பற்றிய பிரிட்டிஷ் லாரிகள்தான்.

இந்த இடத்தில்தான் பெரிய பிழை நடந்தது. தோப்ருக்கைப் பிடித்ததும் நின்று, முதலில் மால்ட்டா தீவைக் கைப்பற்றுவதாகத் திட்டம். ரோமல் கெய்ரோவை நோக்கி ஓட அனுமதி கேட்டார், ஹிட்லரும் முசோலினியும் இசைந்தார்கள், மால்ட்டா ஒத்திவைக்கப்பட்டது. திரிப்போலியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், எல் அலமெய்ன் என்ற சிறு ரயில் நிலையத்தருகே டிவிஷன் போய் நின்றது. வடக்கே கடல், தெற்கே டாங்கிகள் இறங்க முடியாத கத்தாரா பள்ளம்; இடையே சுமார் 60 கிலோமீட்டர். சுற்றிக்கொண்டு போகும் வித்தைக்கு அங்கே இடமே இல்லை.

ஜூலை 1 அன்று டெய்ர் எல் ஷெய்ன் என்ற தாழ்வான நிலத்தில் 18-வது இந்தியப் படையணி அவர்களைத் தடுத்தது. ஈராக்கிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்ட படையணி அது. சீக்கியர், கூர்க்கர், ஓர் ஆங்கிலேயப் பட்டாலியன். கிடைத்த சில பீரங்கிகள், ஒன்பது மதில்டாக்கள், அரைகுறையாகப் போட்ட கண்ணிவெடிகள். சரணடையச் சொன்னபோது மறுத்தார்கள். அன்று மாலைக்குள் படையணி அழிந்தது. ஆனால் ஆப்பிரிக்கா கோரிடம் மிஞ்சியிருந்த 55 டாங்கிகளில் 18 அங்கே போயின. ஒரு முழு நாளும் போயிற்று. அலமெய்ன் வரிசை உறுதிப்படத் தேவையாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அலமெய்ன் என்றால் பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி என்று மட்டும் எழுதுகிறவர்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு இன்றும் ஆற்றாமை.

ஆகஸ்ட் 30 இரவு அலம் ஹல்ஃபா மேட்டைச் சுற்றி நடந்த தாக்குதல் கண்ணிவெடியிலும் மணலிலும் புதைந்தது. டிவிஷன் தளபதி கியோர்க் ஃபான் பிஸ்மார்க் அதில் கொல்லப்பட்டார். வரவேண்டிய எண்ணெய்க் கப்பல்கள் மூழ்கின. அக்டோபர் 23 அன்று பிரிட்டிஷ் பெருந்தாக்குதல் தொடங்கியபோது 21-வது டிவிஷன் தெற்கே இருந்தது. மூன்று நாள் கழித்து ரோமல் அதை வடக்கே அழைத்தார். தாக்குதல் மறுபடி தெற்குப் பக்கம் திரும்பினால் டிவிஷனைத் திருப்பி அனுப்ப எரிபொருள் இருக்காது என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. 60 கிலோமீட்டர் அகலப் போர்க்களத்தில், போகலாம், ஆனால் திரும்ப முடியாது என்ற நிலைக்கு ஒரு பான்சர் டிவிஷன் வந்திருந்தது. நவம்பர் 4 அன்று பின்வாங்கல் தொடங்கியது. இரண்டே நாளில் எரிபொருள் தீர்ந்து வழியில் நின்றுவிட, நகராத தன் டாங்கிகளைத் தானே வெடிவைத்துத் தகர்த்துவிட்டு டிவிஷன் தப்பியது.

துனீசியாவில் இன்னும் ஒருமுறை அது பற்களைக் காட்டியது. 1943 பிப்ரவரி 14 அன்று சிதி பூ ஸித் ஊரில் 10-வது பான்சர் டிவிஷனோடு சேர்ந்து அனுபவமில்லாத அமெரிக்கர்களை நொறுக்கியது; இரண்டு நாளில் சுமார் 100 அமெரிக்க டாங்கிகள் போயின. மார்ச் 6 அன்று மெதனீனில் நிலைமை தலைகீழ். சங்கேதச் செய்திகளைப் படித்துத் தயாராக இருந்த பிரிட்டிஷார் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளை மறைத்துவைத்துக் காத்திருந்தார்கள். ஹல்ஃபாயாவில் பிரிட்டிஷார் சிக்கிய அதே கண்ணியில் ஜெர்மன் டாங்கிகள் வந்து விழுந்தன. ஏறக்குறைய 50 இழப்பு.

இந்தப் போரை ‘கனவான்களின் போர்’ என்று எழுதும் வழக்கம் உண்டு. மக்கள் குறைவான பாலைவனத்தில் நடந்ததாலும், கைதிகளைப் பெரும்பாலும் ஒழுங்காக நடத்தியதாலும் வந்த பெயர் அது. ஆனால் இந்த டாங்கிகள் எந்த ஆட்சிக்காக ஓடின என்பதை மறக்கக் கூடாது. 1942 கோடையில் வால்டர் ரவுஃப் என்ற எஸ்எஸ் (நாஜிக் கட்சியின் ஆயுதப் படை) அதிகாரியின் தலைமையில் ஒரு தனிக்குழு அமைக்கப்பட்டது. ரோமல் கெய்ரோவுக்குள் நுழைந்ததும் அங்கும் பாலஸ்தீனத்திலும் இருந்த யூதர்களைக் கொல்வது அதன் வேலை. அலமெய்னில் படை நின்றதால் அது நடக்கவில்லை. அதே ரவுஃப் பின்னர் துனீசியா வந்து, ஆயிரக்கணக்கான யூதர்களைக் கட்டாய வேலைக்கு இழுத்துப்போனார். டெய்ர் எல் ஷெய்னில் கிடைத்த அந்த ஒரு நாளின் மதிப்பை இதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

1943 மே 12 அன்று ஆப்பிரிக்காவின் ஜெர்மன் தலைமைத் தளபதி ஃபான் ஆர்னிம் சரணடைந்தது 4-வது இந்திய டிவிஷனிடம். ஹல்ஃபாயாவில் தடுக்கப்பட்டு நின்ற அதே டிவிஷன். மதராஸ் சாப்பர்ஸ் படையின் பொறியாளர்களும் அந்த டிவிஷனில் பணியாற்றினார்கள். சாலை போடுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் தண்ணீர் ஏற்பாடு செய்வதும் அவர்கள் வேலை. மறுநாளோடு வட ஆப்பிரிக்கப் போர் முடிந்தது. 21-வது டிவிஷனில் எஞ்சியவர்களும் கைதிகளானார்கள்.

அதே எண்ணில் ஒரு புதிய டிவிஷன் 1943 கோடையில் பிரான்சில் உருவாக்கப்பட்டது. காயம்பட்டும் நோயுற்றும் ஆப்பிரிக்காவிலிருந்து முன்பே ஊர் திரும்பியிருந்த சிலர் அதில் சேர்ந்தார்கள். வண்டிகள் பலவும் பிரெஞ்சுப் படையிடமிருந்து கைப்பற்றிய பழையவை. 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது, கடற்கரைக்கு மிக அருகே இருந்த ஜெர்மன் பான்சர் டிவிஷன் அதுதான்.